அட்லாண்டாவின் அந்த 54 பேர்: தாய்வழி மைட்டோகாண்ட்ரியாவும் புரோஸ்டேட் புற்றுநோயும்

2005 ஜனவரியில் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. அட்லாண்டாவில் உள்ள எமரி பல்கலைக்கழகத்தின் சிறுநீரியல் அறுவை மருத்துவர் ஜான் பெட்ரோஸ் முதல் ஆசிரியர். செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் மரபியல் என்ற துறையையே கட்டி எழுப்பியவர்களில் ஒருவரான டக்ளஸ் வாலஸும் அந்தக் குழுவில் இருந்தார். அம்மாவிடமிருந்து பிறவியிலேயே வரும் மைட்டோகாண்ட்ரியா மரபணு மாற்றங்களுக்கும், பிற்பாடு கட்டிக்குள்ளேயே புதிதாகத் தோன்றும் மாற்றங்களுக்கும், இரண்டுக்குமே புரோஸ்டேட் புற்றுநோயில் பங்கு இருக்கிறது என்பதுதான் அவர்கள் சொன்னது.

இருபது வருடமாகியும் இந்தக் கட்டுரையை ஆட்கள் எடுத்துக்காட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். "உங்கள் தாய்வழிக் கொடி (அம்மா வழியாக வந்த மைட்டோகாண்ட்ரியா பரம்பரை) இது, அதனால் உங்களுக்கு ஆபத்து அதிகம்" என்று சொல்லும் இடங்களில் பெரும்பாலும் இதுவோ இதன் தொடர்ச்சியாக வந்த 2006 கட்டுரையோ அடியில் இருக்கும். இதை ஒரு நிகழ்வாக எடுத்துக்கொண்டு முழுசாகப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாகத் தோன்றியது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆய்வகத்தில் செய்த பாதி உறுதியானது. மக்கள் கணக்கில் செய்த பாதி நிற்கவில்லை. அது நிற்காததற்குக் காரணம் நோயாளிகளின் எண்ணிக்கையில் இல்லை, அவர்களோடு யாரை ஒப்பிட்டார்கள் என்பதில் இருக்கிறது.

அடிப்படை கொஞ்சம்

செல்லின் அணுக்கருவில் இருக்கும் டி.என்.ஏ. அப்பா பாதி, அம்மா பாதி. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தனியாக ஒரு சின்ன வட்ட டி.என்.ஏ. இருக்கிறது, 16,569 எழுத்து நீளம், 37 மரபணுக்கள், அதில் 13 மட்டும்தான் புரதம் செய்பவை. 1981இல் கேம்பிரிட்ஜில் இதை முழுக்கப் படித்துவிட்டார்கள். மனிதரில் இது அம்மாவிடமிருந்து மட்டுமே வருகிறது என்பதை 1980இலேயே வாலஸும் அவருடைய சகாக்களும் காட்டியிருந்தார்கள். அதாவது உங்களிடம் இருப்பது உங்கள் அம்மாவுடையது, அம்மாவின் அம்மாவுடையது. பெரியம்மா, சித்தி பிள்ளைகளிடமும் அதேதான். தாய்மாமனிடமும் அதேதான், ஆனால் தாய்மாமன் பிள்ளைகளிடம் கிடையாது, அவர்களுக்கு அத்தையுடையது போயிருக்கும். உங்கள் அப்பாவிடம் இருப்பதற்கும் உங்களிடம் இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. இந்தக் கடைசி விஷயத்தை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்னொன்று, ஒரு செல்லில் இந்த வட்டம் ஒன்று இரண்டு இல்லை, நூற்றுக்கணக்கில், சில செல்களில் ஆயிரக்கணக்கில் இருக்கும். எல்லாமே ஒரே மாதிரி இருக்கலாம், அல்லது பாதியில் மாற்றம் இருந்து பாதியில் இல்லாமலும் இருக்கலாம். இந்தக் கலப்பு நிலைதான் மைட்டோகாண்ட்ரியா நோய்களைப் புரிந்துகொள்வதையே சிக்கலாக்குகிறது, ஏனென்றால் ஒரே மாற்றம் ஒரே குடும்பத்தில் ஒருவரைக் குழந்தையிலேயே படுக்கையில் தள்ளிவிட்டு இன்னொருவரை ஒன்றும் செய்யாமல் விட்டுவிடும்.

ஏன் புரோஸ்டேட்?

இத்தனை உறுப்புகள் இருக்க புரோஸ்டேட்டை ஏன் பிடித்தார்கள் என்றால், அந்தச் சுரப்பியின் மைட்டோகாண்ட்ரியா இயல்பிலேயே வித்தியாசமானது. உடம்பின் மற்ற செல்கள், உணவு உடையும் வழியில் வரும் சிட்ரேட் என்ற பொருளை எரித்துச் சக்தி எடுக்கும். ஆரோக்கியமான புரோஸ்டேட் செல்கள் அப்படிச் செய்வதில்லை. அவை துத்தநாகத்தை, அதாவது ஜிங்க்கை, மிக அதிக அளவில் சேர்த்து வைக்கின்றன. அந்த ஜிங்க், மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் அகோனிடேஸ் என்ற நொதியைத் தடுத்து நிறுத்துகிறது. சிட்ரேட் மேற்கொண்டு எரிய வழியில்லாமல் தேங்கி, விந்துத் திரவத்தில் வெளியேறுகிறது. சுரப்பியின் வேலையே அதுதான். புற்றாக மாறும்போது செல்லில் ஜிங்க் சரிகிறது, தடை விலகுகிறது, அதுவரை வெளியேற்றிக்கொண்டிருந்த சிட்ரேட்டை அந்த செல் எரிக்கத் தொடங்குகிறது. மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் காஸ்டெல்லோவும் ஃபிராங்க்ளினும் பல வருடங்கள் இதையே தொடர்ந்து ஆராய்ந்தார்கள்.

புற்று செல்கள் மைட்டோகாண்ட்ரியாவை ஒதுக்கிவிட்டு சர்க்கரையை அரைகுறையாக உடைத்துப் பிழைக்கும் என்று வார்பர்க் என்ற ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் காலத்திலிருந்து சொல்லிவந்த பொதுப்படம் இருக்கிறதே, ஆரம்பக்கட்ட புரோஸ்டேட் புற்று அதற்கு ஏறக்குறைய எதிர்த்திசையில் போகிறது. ஆக, மைட்டோகாண்ட்ரியா எப்படி இருக்கிறது என்பது இந்தப் புற்றுக்கு முக்கியமாக இருக்கக்கூடும் என்று சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்தது. எமரி குழுவின் கேள்வி நல்ல கேள்வி, அதில் எனக்கு மறுப்பே இல்லை.

எலிகளில் நடந்தது

முதலில் உறுதியான பாதி. பி.சி.3 என்று ஒரு செல் வரிசை உண்டு, புரோஸ்டேட் புற்று எலும்புக்குப் பரவிய ஒரு நோயாளியிடமிருந்து 1970களில் எடுத்து வளர்த்தது. உலகம் முழுக்க புரோஸ்டேட் ஆய்வகங்களில் புழங்குவது. அந்த செல்லுக்குள் வேறொருவருடைய மைட்டோகாண்ட்ரியாவைக் கொண்டுவந்து வைக்க முடியும். கொடையாளியின் செல்லிலிருந்து அணுக்கருவை எடுத்துவிட்டு மிச்சத்தை இதோடு இணைத்துவிடுவார்கள். இந்தக் கலப்பு செல்லுக்கு சைப்ரிட் என்று பெயர்.

எமரி குழு தேர்ந்தெடுத்தது 8993ஆவது எழுத்தில் வரும் மாற்றம், டி இருக்க வேண்டிய இடத்தில் ஜி. இது ஏ.டி.பி.6 என்ற மரபணுவில் இருக்கிறது. 1990இல் லண்டன் ஆய்வாளர்கள் முதன்முதலில் விவரித்த, கொடுமையான மாற்றம். மாற்றம் உள்ள வட்டங்களின் அளவு கொஞ்சம் அதிகமாக இருந்தால் நரம்பும் பார்வையும் கெடும், மிக அதிகமாக இருந்தால் குழந்தைகளுக்கு மூளையைச் சிதைக்கும் லீ நோய்க்குறி வரும். இந்த மாற்றம் உள்ள சைப்ரிட்டையும் மாற்றம் இல்லாத சைப்ரிட்டையும் எதிர்ப்பு சக்தி இல்லாத எலிகளில் செலுத்தினார்கள். மாற்றம் உள்ள செல்கள் ஏழு மடங்கு பெரிய கட்டிகளை உண்டாக்கின. மாற்றம் இல்லாதவை வளர்ந்ததே கொஞ்சம்தான். வளர்ந்த கட்டிகளில் ஆக்சிஜனிலிருந்து வரும் தீவிர மூலக்கூறுகளும் அதிகம் இருந்தன.

இதில் நான் அதிக நேரம் நின்று யோசித்தது ஏழு மடங்கில் இல்லை. மாற்றம் இல்லாதவை வளரவே இல்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவாக வளர்ந்தனவே, அதில்தான். பி.சி.3 சாதாரணமாகவே எலியில் நன்றாக வளரக்கூடிய முரட்டு செல். அதற்குள் நல்ல மைட்டோகாண்ட்ரியாவை வைத்ததும் அடங்கிவிட்டது என்றால், நல்ல மைட்டோகாண்ட்ரியா புற்றைக் கட்டிப்போடுகிறது என்று படிக்கலாம். கெட்டது தூண்டிவிடுகிறது என்பதைவிட அந்தப் படிப்புதான் எனக்கு இன்னும் சுவாரசியமாகப் படுகிறது.

இந்தப் பாதிக்கு வெளியிலிருந்தும் ஆதரவு உண்டு. அதே 2005இல் ஜப்பானில் ஷிதாரா, ஓட்டா குழுவினர் ஹீலா என்ற கருப்பைவாய்ப் புற்று செல்களில் ஏ.டி.பி.6 மாற்றங்களை வைத்துப் பார்த்தபோதும் கட்டி வேகமாக வளர்ந்தது, சரியான ஏ.டி.பி.6ஐ அணுக்கரு வழியாகத் திருப்பிக் கொடுத்ததும் வேகம் குறைந்தது. 2008இல் இன்னொரு ஜப்பானியக் குழு, எலிப்புற்று செல்களில் மைட்டோகாண்ட்ரியாவை மாற்றி மாற்றி வைத்து, பரவும் தன்மையே அதோடு சேர்ந்து மாறுவதைக் காட்டியது. ஆக, கடுமையான மைட்டோகாண்ட்ரியா கோளாறு ஏற்கெனவே இருக்கும் ஒரு புற்றின் நடத்தையை மாற்றும் என்பதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

ஆனால் கவனியுங்கள், இதெல்லாம் ஏற்கெனவே புற்றாக இருக்கும் செல். ஒருவருக்குப் புற்று வருமா வராதா என்பது இந்தச் சோதனையில் கேட்கப்படவே இல்லை.

260, 1,019, 54

அடுத்த பாதி. குழு 260 புரோஸ்டேட் புற்றுக் கட்டிகளில் சி.ஓ.1 என்ற மைட்டோகாண்ட்ரியா மரபணுவைப் படித்தது. செல் ஆக்சிஜனை வைத்துச் சக்தி எடுக்கும் சுவாசச் சங்கிலியின் நான்காவது கூட்டமைப்பில், சைட்டோகுரோம் ஆக்சிடேஸில், மைய உறுப்பைச் செய்யும் மரபணு அது. 11 முதல் 12 சதவீதம் கட்டிகளில் புரதத்தை மாற்றும் மாற்றங்கள் இருந்தன. அவற்றில் பெரும்பகுதி பிறவியிலேயே வந்தவை. மூன்று கட்டிகளில் கலப்பு நிலையில் மாற்றம் இருந்தது, அதில் ஒன்று புரதத்தைப் பாதியில் நிறுத்திவிடும் மாற்றம்.

ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு கூட்டம் வைத்திருந்தார்கள். ஒன்று பொதுமக்களின் டி.என்.ஏ. வரிசைகள், 1,019 பேர், அதில் 7.8 சதவீதம். இன்னொன்று பயாப்சி, அதாவது திசுவை எடுத்துப் பரிசோதனை, செய்து புற்று இல்லை என்று தெரிந்த ஆண்கள், அதில் 2 சதவீதத்துக்கும் குறைவு. செய்தியாகப் பரவியது பன்னிரண்டுக்கு எதிராக இரண்டு என்ற வேறுபாடுதான். ஆறு மடங்கு என்றால் யாராக இருந்தாலும் நிமிர்ந்துதானே உட்காருவார்கள்.

அந்த இரண்டாவது கூட்டத்தில் இருந்தவர்கள் 54 பேர். 2 சதவீதத்துக்கும் குறைவு என்றால் அதில் ஒரே ஒரு ஆள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம், பள்ளிக்கூட நிகழ்தகவு போதும். பொதுமக்களில் 7.8 சதவீதம் பேரிடம் இந்த மாற்றம் இருக்கிறது என்றால், அந்தப் பொதுமக்களிலிருந்தே கண்ணை மூடிக்கொண்டு 54 பேரை எடுத்தால் சராசரியாக நான்கு பேரிடம் இருக்க வேண்டும். ஒருவரிடம் மட்டும், அல்லது யாரிடமுமே இல்லாமல் போக வாய்ப்பு எவ்வளவு? கணக்குப்படி சுமார் 7 சதவீதம். புற்றுநோயோடு எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும் பதினான்கு தடவைக்கு ஒரு தடவை இப்படி வெறும் தற்செயலில் நடந்துவிடும். ஒரு ஆள் என்பது மூன்று ஆளாக இருந்திருந்தால் அந்த ஆறு மடங்கு இரண்டு மடங்காகக் கரைந்திருக்கும்.

சரி, அந்த 54ஐ ஒதுக்கிவிட்டு 1,019 பேரோடு மட்டும் ஒப்பிடலாமே என்றால், 260இல் 7.8 சதவீதம் என்பது இருபது பேர். கண்டது முப்பதை ஒட்டி. பத்து நோயாளிகள் கூடுதல். இது ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன், பார்க்க வேண்டிய வேறுபாடுதான், ஆனால் ஆறு மடங்கு என்ற பேச்சுக்கும் இதற்கும் ரொம்ப தூரம். நோயாளிகளும் பொதுமக்கள் வரிசைகளும் ஒரே வம்சாவளிக் கலவையில் இருந்தார்களா என்ற கேள்வி வேறு இருக்கிறது. சி.ஓ.1 மாற்றங்கள் பலவும் குறிப்பிட்ட தாய்வழிக் கொடிகளில் வழிவழியாக ஓடிவருபவை. அமெரிக்காவில் ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களிடம் புரோஸ்டேட் புற்று மற்றவர்களைவிடக் கணிசமாக அதிகம். ஆக, நோயாளிகள் பக்கத்தில் ஆப்பிரிக்கக் கொடிகள் கொஞ்சம் கூடுதலாக வந்துவிட்டால், அந்தக் கொடிகளில் இயல்பாகவே இருக்கும் மாற்றம் எல்லாம் நோய்க்குக் காரணம் போலத் தோன்றும்.

எமரி குழுவின் பக்கத்து நியாயத்தையும் சொல்லாவிட்டால் தப்பு. பயாப்சி செய்து சுத்தம் என்று தெரிந்த ஆண்களை அவர்கள் தேடிப் போனதற்கு அர்த்தம் இருக்கிறது. அமெரிக்க, ஐரோப்பியப் பிரேதப் பரிசோதனைகளில் எழுபது வயதைக் கடந்த ஆண்களில் மூன்றில் ஒருவருக்குக் குறையாமல் சொல்லாமலே ஒளிந்திருந்த புரோஸ்டேட் புற்று தெரிகிறது. ஆகவே பொதுமக்கள் என்று வைத்துக்கொள்ளும் கூட்டத்திலேயே நோயாளிகள் கலந்திருக்கிறார்கள், அது வேறுபாட்டைக் குறைத்துக் காட்டும். அது மட்டுமில்லை, நோயாளிகளிடம் கண்ட மாற்றங்கள் பரிணாமத்தில் அதிகம் மாறாமல் காப்பாற்றப்பட்ட இடங்களில் இருந்தன, பொதுமக்களிடம் கண்டவை அவ்வளவு காப்பாற்றப்படாத இடங்களில். நான்கு மாற்றங்கள் வெவ்வேறு கொடிகளைச் சேர்ந்த, ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத நோயாளிகளிடம் தனித்தனியாக வந்திருந்தன. வம்சாவளிக் குழப்பம் என்ற ஒற்றைக் காரணத்தால் இதை முழுசாகத் தள்ளிவிட முடியாது. இந்த வாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் 54 பேர் 54 பேர்தான்.

ஒரே ஒரு நோயாளி

அதே குழுவிலிருந்து ரெபெக்கா ஆர்னால்டும் பெட்ரோஸும் மற்றவர்களும் 2013இல் ஒரே ஒரு நோயாளியின் மாற்றத்தை எடுத்து விரிவாகப் பார்த்தார்கள். புரோஸ்டேட் புற்று வந்த ஒருவர், சி.ஓ.1இல் அரிதான ஒரு மாற்றம், பிறவியிலேயே வந்தது, அதுவும் கலப்பு நிலையில். அதை சைப்ரிட்டாக்கிப் பார்த்ததில் சைட்டோகுரோம் ஆக்சிஜனேற்றம் குறைந்தது, ஆக்சிஜன் வழித் தீவிர மூலக்கூறுகளும் நைட்ரஜன் வழி மூலக்கூறுகளும் சேர்ந்தே கூடின, செல் பெருகும் விதமும் மாறியது.

2005 கட்டுரையில் இருந்த ஒரு ஓட்டையை இது கொஞ்சம் அடைக்கிறது என்று நினைக்கிறேன். அங்கே எலியில் சோதித்தது ஒரு மாற்றம், நோயாளிகளில் எண்ணியது வேறொரு மரபணுவின் மாற்றங்கள். 8993 மாதிரி குழந்தைகளையே கொல்லக்கூடிய மாற்றத்தை வைத்துக் காட்டிய விளைவை, ஆரோக்கியமாக அறுபது வயது வரை வாழ்ந்தவரிடம் இருக்கும் மென்மையான சி.ஓ.1 மாற்றத்துக்கும் அப்படியே ஒட்டவைக்க முடியாது. 2013இல்தான் நோயாளியிடம் கண்ட அதே மாற்றத்தையே செல்லில் வைத்துப் பார்த்தார்கள். ஆனால் அந்த மனிதருக்குப் புற்று வந்தது இந்த மாற்றத்தாலா என்பதை ஒரு நோயாளியை வைத்துச் சொல்ல முடியாது. அவருக்கு அந்த வயதில், அந்த நாட்டில், இது இல்லாமலேயே வந்திருக்கக்கூடிய நோய்தானே இது.

யு கொடியின் கதை

2006இல் எமரியிலிருந்தே அடுத்த கட்டுரை. இது ஒற்றை மாற்றங்களைப் பற்றியது இல்லை, ஹாப்லோகுரூப் எனப்படும் தாய்வழிக் கொடிகளைப் பற்றியது. வட அமெரிக்க வெள்ளையர்களில் யு என்ற கொடியைச் சேர்ந்தவர்களுக்குப் புரோஸ்டேட் புற்று ஆபத்து சுமார் இரண்டு மடங்கு, சிறுநீரகப் புற்று ஆபத்து சுமார் இரண்டரை மடங்கு என்றது. யு கொடிக்காரர்களை அதிக ஆபத்துள்ள கூட்டமாகவே கருத வேண்டும் என்றும் எழுதினார்கள். எண்கள் இவை: புரோஸ்டேட் நோயாளிகளில் யு கொடி 16.74 சதவீதம், ஒப்பீட்டுக் கூட்டத்தில் 9.35 சதவீதம்.

இந்த இரண்டு எண்களையும் பார்த்தவுடனே, எது வழக்கத்துக்கு மாறானது என்று கேட்க வேண்டும். ஐரோப்பிய வம்சாவளியினரிடம் யு கொடி நாட்டுக்கு நாடு மாறும், பத்தில் ஒருவரிலிருந்து ஐந்தில் ஒருவர் வரை பார்க்கலாம். அதன்படி நோயாளிகளின் பதினாறு, பதினேழு சதவீதத்தில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை, அது நடுவில் விழுகிறது. விளிம்பைத் தாண்டிக் கீழே நிற்பது அந்த ஒன்பதே சொச்சம்தான். அதாவது, 2005இல் போலவே இங்கேயும் நோயாளிகள் பக்கம் சாதாரணமாக இருக்கிறது, எதிர்ப்பக்கம் குறைந்து நிற்கிறது. ஒப்பீட்டுக் கூட்டம் எங்கிருந்து வந்தது, எந்த நாட்டு வம்சாவளி அதில் அதிகம், ஜெர்மன் வழியா, ஐரிஷ் வழியா, இத்தாலி வழியா என்பதெல்லாம் வெள்ளையர் என்ற ஒற்றைப் பெட்டிக்குள் மறைந்துபோகிறது. மைட்டோகாண்ட்ரியா கொடிகள் ஒரு நாட்டின் இரண்டு மாகாணங்களுக்கு இடையிலேயே மாறும் என்பதால் இந்த விஷயத்தில் இது சின்னக் குறை இல்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2008இல் கொரியர்களிடம் பார்த்தார்கள், கொடிகளுக்கும் புரோஸ்டேட் புற்றுக்கும் தொடர்பு தெரியவில்லை. 2009இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக்கில் 304 நோயாளிகளையும் 278 ஒப்பீட்டு ஆண்களையும் வைத்துப் பார்த்தார்கள். டிரோல் மாகாணத்தில் 1993 முதலே புரோஸ்டேட் புற்றைத் தேடும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனைத் திட்டம் நடந்துகொண்டிருந்ததால் நோயாளிகளும் ஒப்பீட்டு ஆண்களும் ஒரே நிலத்து ஜனங்கள். எனக்கு இந்த ஆய்வின் மீது மதிப்பு அதிகம், காரணம் அதுதான். யு கொடி உட்பட எதிலும் வேறுபாடு இல்லை.

அப்புறம் 2016இல் வந்தது பெரிய ஆய்வு. ஹவாயிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் 1993 முதல் 1996 வரை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துத் தொடர்ந்த பல இனக் கூட்டாய்வு. ஆப்பிரிக்க அமெரிக்கர், ஜப்பானிய அமெரிக்கர், லத்தீனோக்கள், ஹவாய்ப் பூர்வகுடிகள், வெள்ளையர் என்று ஐந்து பிரிவு. அதிலிருந்து 4,086 புரோஸ்டேட் நோயாளிகளையும் 3,698 நோயில்லாதவர்களையும் எடுத்து, மைட்டோகாண்ட்ரியாவில் 350 இடங்களைப் பார்த்தார்கள். எத்தனை இடங்களைச் சோதித்தோம் என்பதற்கான திருத்தத்தைப் போட்ட பிறகு எதுவும் மிஞ்சவில்லை. கட்டுரையின் தலைப்பிலேயே தொடர்பு இல்லை என்று போட்டுவிட்டார்கள்.

ஒரு வரம்பு இருக்கிறது. இப்படிப்பட்ட ஆய்வுகள் பொதுவாகக் காணப்படும் மாற்றங்களைத்தான் நன்றாகப் பிடிக்கும். 2013 நோயாளியிடம் இருந்தது மாதிரி அரிதான, அதுவும் கலப்பு நிலையில் இருக்கும் மாற்றங்கள் இந்த வலையில் சிக்காது. ஆகவே யு கொடி, பொதுவான மாற்றங்கள் என்ற அளவில் கதவு ஏறக்குறைய சாத்தப்பட்டுவிட்டது, அரிய மாற்றங்கள் என்ற அளவில் சாத்தப்படவில்லை.

கட்டிக்குள் தோன்றுபவை வேறு

பிறவியில் வரும் மாற்றத்தையும் கட்டிக்குள் புதிதாகத் தோன்றும் மாற்றத்தையும் ஒரே மூச்சில் சொன்னதுதான் 2005 கட்டுரையால் வந்த பெரிய குழப்பம் என்று நினைக்கிறேன். 2017இல் டொரொன்டோவின் பால் பூட்ரோஸ் குழு, பரவாத நிலையில் இருந்த 384 புரோஸ்டேட் புற்றுகளின் மைட்டோகாண்ட்ரியாவை முழுசாகப் படித்தது. சில பகுதிகளில் கட்டிக்குள் தோன்றும் மாற்றங்கள் நோயின் மூர்க்கத்தோடு சேர்ந்து வந்தன. இது எலிகளில் கண்டதோடு நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் இது நோய் வந்த பிறகு அது எப்படி நடந்துகொள்ளும் என்ற கேள்விக்கான பதில். நோய் வருமா என்பதற்கு இல்லை.

கட்டிக்குள் தோன்றுவதிலும் எல்லாமே அர்த்தமுள்ளவை இல்லை. 2014இல் ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட புற்றுகளைப் பார்த்த ஒரு பெரிய அலசல், இந்த மாற்றங்களில் பெரும்பாலானவை மைட்டோகாண்ட்ரியா தன்னைத்தானே நகலெடுக்கும்போது வரும் பிழைகள், புற்று தேடி வைத்துக்கொண்டவை இல்லை என்று காட்டியது. 2020இன் இன்னொரு அலசலில், புரதத்தைப் பாதியில் அறுக்கும் மாற்றங்கள் அளவுக்கு மீறி இருந்தது சிறுநீரகம், பெருங்குடல், தைராய்டு புற்றுகளில்தான். அந்தப் பட்டியலில் புரோஸ்டேட் இல்லை.

இந்தத் துறையின் பழைய கட்டுரைகளைப் படிப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2005இலேயே அந்தோனியோ சாலஸ், ஹான்ஸ்-யுர்கன் பாண்டெல்ட் உள்ளிட்டோர், புற்றுக் கட்டிகளில் கண்டதாகச் சொல்லப்பட்ட மைட்டோகாண்ட்ரியா மாற்றங்கள் பலவற்றைக் கொடிகளின் வரைபடத்தோடு வைத்துப் பார்த்து, இவை கட்டியில் தோன்றியவை இல்லை, இரண்டு பேரின் மாதிரிகள் ஒன்றோடொன்று கலந்ததால் வந்தவை என்று காட்டினார்கள். ஒரு கொடிக்கு அடையாளமான மாற்றங்கள் கூட்டமாக ஒரே கட்டியில் புதிதாகத் தோன்றியதாகச் சொன்னால் அது இயற்கையில் நடக்காது, ஆய்வகத்தில் குழாய் மாறினால்தான் நடக்கும். அணுக்கரு டி.என்.ஏ.விலும் பழைய மைட்டோகாண்ட்ரியாத் துண்டுகள் ஒட்டிக்கிடக்கின்றன, அவற்றையும் சேர்த்துப் படித்துவிட்டு மாற்றம் என்று அறிவித்தவர்களும் உண்டு. இந்த எச்சரிக்கைக்குப் பிறகுதான் துறை ஒழுங்குக்கு வந்தது.

அண்ணன் தம்பிக்கு இருந்தால் ஏன் ஆபத்து கூடுதல்?

தாய்வழி ஆதரவாளர்கள் வைக்கும் ஒரு வாதம் நேர்மையான வாதம், அதைத் தாண்டிப் போக மனசில்லை. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், அப்பாவுக்குப் புரோஸ்டேட் புற்று இருந்தால் மகனுக்கு ஆபத்து சுமார் இரண்டு மடங்கு, அண்ணன் தம்பிக்கு இருந்தால் மூன்று மடங்கை ஒட்டி. அணுக்கரு மரபணுவில் அப்பாவோடும் பாதி, உடன்பிறந்தவரோடும் சராசரியில் பாதிதானே ஒத்துப்போகும்? மைட்டோகாண்ட்ரியா மட்டும்தான் உடன்பிறந்தவரோடு முழுசாக ஒத்து, அப்பாவோடு கொஞ்சமும் ஒத்துப்போகாது. பார்த்தால் கச்சிதமாகப் பொருந்துகிற மாதிரி இருக்கிறது.

ஆனால் எக்ஸ் குரோமோசோமும் ஆண்களுக்கு அம்மாவிடமிருந்துதான் வருகிறது, 1998இல் அதன் நுனிப் பகுதியில் ஓர் இடத்தைக் கூடக் குறித்தார்கள். இரண்டு பக்கமும் வந்தால்தான் வேலை செய்யும் மாற்றங்களும் உடன்பிறந்தவர்களிடம்தான் அதிகம் வெளிப்படும். இதையெல்லாம்விட எனக்கு வலுவாகப் படுவது நடைமுறைக் காரணம். அண்ணனுக்குப் புற்று என்று தெரிந்த அடுத்த மாதமே தம்பி போய் பி.எஸ்.ஏ. பார்க்கிறார், ஒளிந்திருந்தது வெளியே வருகிறது. அப்பா காலத்தில் பி.எஸ்.ஏ. பரிசோதனையே கிடையாது, அவருக்கு இருந்ததா என்பதே தெரியாமல் போயிருக்கும்.

இன்னொரு வாதத்துக்குத் தாயின் சாபம் என்று 2004இல் பெயர் வைத்தார்கள். மைட்டோகாண்ட்ரியா பெண்கள் வழியாக மட்டும் போவதால், ஆண்களை மட்டும் பாதிக்கும் மாற்றத்தை இயற்கைத் தேர்வு களைய முடியாது என்பது. விந்தணு விஷயத்தில் இது பொருத்தம். புரோஸ்டேட் புற்று விஷயத்தில் இதற்குப் பெரிய வேலை இல்லை, ஏனென்றால் பிள்ளை பெற்று முடித்த வயதில் வரும் நோயை, அது அணுக்கரு வழியாக வந்தாலும்கூட, இயற்கைத் தேர்வு பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

நம் ஆட்கள் கேட்கும் கேள்வி

வம்சாவளி டி.என்.ஏ. சோதனை செய்துகொண்ட தமிழர்களில் சிலருக்கு யு2 அல்லது யு7 என்று வரும். தெற்காசியாவில் பெரும்பாலானவர்கள் எம் என்ற பெரிய கொடியைச் சேர்ந்தவர்கள் என்றாலும் யுவின் கிளைகளும் இங்கே நன்றாகவே உண்டு. யு என்ற எழுத்தைப் பார்த்துவிட்டு 2006 கட்டுரையைத் தேடிப் படித்துப் பயப்பட வேண்டாம். நம் யு2 கிளைகளும் ஐரோப்பாவில் அதிகம் காணப்படும் யு5, யு4 கிளைகளும் பல்லாயிரம் வருடங்களுக்கு முன்பே பிரிந்தவை, பொதுவான எழுத்து ஒன்று இருப்பதால் ஆபத்தும் பொதுவாகிவிடாது. அதோடு, ஐரோப்பிய யுவிலேயே அந்த ஆபத்து உறுதிப்படவில்லை என்பதைத்தான் மேலே பார்த்தோம்.

புரோஸ்டேட் புற்றில் மரபின் பங்கு பெரியது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2000இல் வந்த ஸ்காண்டிநேவிய இரட்டையர் ஆய்வில் ஆபத்து வேறுபாட்டில் 42 சதவீதத்தை மரபோடு சேர்த்தார்கள், 2016இன் பெரிய ஆய்வில் அது 57 சதவீதமானது. ஆனால் இதுவரை பிடிபட்டவை எல்லாம் அணுக்கருவில்தான். 2006 முதல் பேசப்படும் 8ஆவது குரோமோசோம் பகுதி, 2012இல் கண்ட ஹாக்ஸ் பி13 மரபணு, சின்னச் சின்ன ஆபத்தைத் தரும் நூற்றுக்கணக்கான இடங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக, மார்பக, சினைப்பைப் புற்றுகளோடும் தொடர்புள்ள பி.ஆர்.சி.ஏ.2 மரபணு.

இந்தக் கடைசிப் பெயருக்காகவாவது அம்மா பக்கத்தை விசாரியுங்கள். மருத்துவர் குடும்பத்தில் யாருக்காவது புற்று உண்டா என்று கேட்டால் ஆண்கள் அப்பாவையும் பெரியப்பா சித்தப்பாவையும் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள், புரோஸ்டேட் ஆண்களின் உறுப்பு என்பதால். ஆனால் பி.ஆர்.சி.ஏ.2 மாற்றம் அம்மா வழியாகவும் அதே அளவு வாய்ப்போடு வரும். பாட்டிக்குச் சினைப்பைப் புற்று, சித்திக்கு நாற்பது வயதில் மார்பகப் புற்று, தாய்மாமனுக்குக் கணையப் புற்று என்று இருந்தால், அந்தக் குடும்பத்துப் பையனின் புரோஸ்டேட்டுக்கு அது நேரடிச் செய்தி. பி.ஆர்.சி.ஏ.2 மாற்றம் உள்ளவர்களுக்கு இந்தப் புற்று சீக்கிரமே வரும், மூர்க்கமாகவும் இருக்கும். தெரிந்திருந்தால் பி.எஸ்.ஏ. பரிசோதனையை நாற்பது வயதிலேயே தொடங்கச் சொல்வார்கள். நோய் பரவிய பிறகு தெரிந்தாலும் வீண் இல்லை, இந்த மாற்றம் உள்ள கட்டிகளுக்கென்றே ஓலாபரிப் என்ற மாத்திரை இருக்கிறது, ஹார்மோன் சிகிச்சைக்கு அடங்காமல் பரவிய புரோஸ்டேட் புற்றுக்கு அமெரிக்காவில் 2020இல் அனுமதி கிடைத்தது.